நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்ட மேலாண்மை

நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்ட மேலாண்மை என்பது, ஒரு நீர்வடிப்பகுதியில் அரிக்கப்பட்டுவரும் மண்ணையும் குறைந்துவரும் நிலத்தடி நீரையும் மீட்கும் பணிகளை, அங்கு வாழும் மக்களோடு சேர்ந்து திட்டமிட்டு, செயற்படுத்தி, அளந்து, இறுதியில் அவர்களிடமே ஒப்படைக்கும் பணி ஆகும். இதை முன்னின்று நடத்துபவர் திட்ட மேலாளர் எனப்படுவார். வரப்பு, தடுப்பணை, குட்டை ஆகியவற்றைக் கட்டுவது இப்பணியின் கண்ணுக்குத் தெரியும் பகுதி. சேமித்த நீர் யாருக்கு உரியது, மேய்ச்சலை யார் நிறுத்துவது, கட்டியதை யார் பராமரிப்பது என்பன குறித்து ஊரார் ஓர் உடன்பாட்டுக்கு வர உதவுவது மற்றொரு பகுதி. பிந்தையது நடைபெறாத இடங்களில் முந்தையது நெடுநாள் நிலைப்பதில்லை. இக்கட்டுரை இந்தியாவின் மானாவாரிப் பகுதிகளில் இப்பணி நடைபெறும் முறையை விளக்குகின்றது.

நீர்வடிப்பகுதி

ஒரு நிலப்பரப்பில் பெய்யும் மழைநீர் வழிந்து ஒரே ஓடையின் வழியாக ஒரே இடத்தில் வெளியேறுமானால், அந்நிலப்பரப்பு நீர்வடிப்பகுதி எனப்படும். நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. சுற்றியுள்ள மேட்டு முகடுகளை இணைக்கும் கோடு இதன் எல்லையாகும். சிறு ஓடையின் நீர்வடிப்பகுதி சில நூறு எக்டேர் பரப்பில் இருக்கலாம். அத்தகைய பல பகுதிகள் சேர்ந்து ஓர் ஆற்றின் வடிநிலம் ஆகின்றன.

இவ்வெல்லையை இயற்கை வகுக்கின்றது. ஊர், ஊராட்சி, வட்டம் ஆகியவற்றின் எல்லைகளை அரசு வகுத்துள்ளது. இவை பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஓடையின் மேற்பகுதி ஓர் ஊருக்கும் கீழ்ப்பகுதி வேறோர் ஊருக்கும் சொந்தமாக இருக்கலாம். ஆகையால் திட்ட மேலாளர் தொடக்கத்திலேயே இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

வரலாறு

இந்தியாவில் இத்தகைய பணிகள் அணைகளின் தேவையை ஒட்டித் தொடங்கின. நீர்த்தேக்கங்களில் வண்டல் படிவதைக் குறைக்க, ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மண் பாதுகாப்புப் பணிகள் 1960களின் தொடக்கத்தில் மேற்கொள்ளப்பட்டன. பின்னர் 1973-74 இல் வறட்சிப் பகுதித் திட்டமும், 1977-78 இல் பாலைவன மேம்பாட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டன. இவை பெரும்பாலும் அரசுத் துறைகளால் நேரடியாக நடத்தப்பட்டவை.

இத்திட்டங்களை ஆராய்ந்த அனுமந்தராவ் குழு 1994 இல் அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் உருவான வழிகாட்டு நெறிகள் 1995 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஏறத்தாழ 500 எக்டேர் கொண்ட நீர்வடிப்பகுதியை அலகாகக் கொள்ளுதல், ஊர்மட்டக் குழுவிடம் பொறுப்பை அளித்தல், தொண்டு நிறுவனங்களும் திட்டத்தை நடத்த இடமளித்தல் ஆகியவை அந்நெறிகளின் முக்கிய மாற்றங்கள். ஊராட்சிகளுக்குக் கூடுதல் பொறுப்பு அளித்த அரியாலி நெறிகள் 2003 இல் வந்தன. பல அமைச்சகங்களின் திட்டங்களுக்கும் பொருந்தும் பொது வழிகாட்டு நெறிகள் 2008 இல் வெளியிடப்பட்டன. இவற்றின்படி 1,000 முதல் 5,000 எக்டேர் வரையிலான தொகுப்பு ஒரு திட்டமாகக் கொள்ளப்பட்டது. 2015-16 முதல் இத்திட்டம் பிரதம மந்திரி விவசாய நீர்ப்பாசனத் திட்டத்தின் ஒரு கூறானது. 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு அதன் இரண்டாம் பதிப்பு வகுக்கப்பட்டது.

எக்டேர் ஒன்றுக்கான செலவு வரம்பும் உயர்ந்து வந்துள்ளது. 1995 இன் நெறிகளில் சராசரியாக 4,000 ரூபாயாக இருந்த இது, 2008 இன் நெறிகளின் கீழ் சமவெளிக்கு 12,000 ரூபாயாகவும், 2021 இல் சமவெளிக்கு 22,000 ரூபாயாகவும் மலைப்பாங்கான பகுதிகளுக்கு 28,000 ரூபாயாகவும் ஆனது.

நிறுவன அமைப்பு

2008 இன் பொது நெறிகள் வகுத்த அமைப்பு பின்வருமாறு:

- மாநில முதன்மை முகமை: திட்டங்களுக்கு ஒப்புதல் அளித்து மாநில அளவில் கண்காணிக்கின்றது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை இத்துறையில் செயற்படுகின்றது.
- திட்டச் செயலாக்க முகமை: ஒரு தொகுப்பை நடத்தும் பொறுப்புடையது. இது அரசுத் துறையாகவோ தொண்டு நிறுவனமாகவோ இருக்கலாம். திட்ட மேலாளர் பொதுவாக இம்முகமையைச் சேர்ந்தவர்.
- நீர்வடிப்பகுதி மேம்பாட்டு அணி: வேளாண்மை, மண்ணியல், நீர் மேலாண்மை, சமூக அமைப்பாக்கம் ஆகியவற்றை அறிந்த குறைந்தது நான்கு பேர் கொண்டது. இவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும்.
- நீர்வடிப்பகுதிக் குழு: கிராமசபை அமைக்கும் குழு. குறைந்தது 10 உறுப்பினர். அவர்களுள் பாதிப்பேர் சுய உதவிக் குழுக்கள், பயனாளர் குழுக்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் சார்பாளர்கள்.
- பயனாளர் குழுக்கள்: ஒரு தடுப்பணையாலோ குட்டையாலோ பயன்பெறும் உழவர்களின் குழுக்கள். அவ்வமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு இவர்களுடையது.

ஆகவே திட்ட மேலாளர் கட்டளையிட்டு வேலை வாங்கும் நிலையில் இருப்பவர் அல்லர். கிராமசபை தேர்ந்தெடுத்த குழு அவருக்குக் கீழ்ப்பட்டதன்று. பணத்துக்கும் அளவுக்கும் மேலிடத்துக்கு விடை கூற வேண்டியவர் அவர்; முடிவெடுக்க வேண்டியவர்களோ ஊரார். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பதே இப்பணியின் தன்மை எனலாம்.

பணியின் கட்டங்கள்

ஆயத்தக் கட்டம்

2008 இன் நெறிகள் இதற்கு ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஒதுக்கின. முதலில் நுழைவுப் பணி எனப்படும் சிறு பணி ஒன்று செய்யப்படும். குடிநீர்த் தொட்டி, பழுதான குளத்தின் கரை போன்ற, ஊரார் தாங்களே கேட்கும் ஒன்றை விரைந்து முடித்துத் தருவது இதன் நோக்கம். இதன் மூலம் ஊராரின் நம்பிக்கையைப் பெற முடிகின்றது.

அதனுடன் அடிப்படைக் கணக்கெடுப்பு நடைபெறும். குடும்பங்களின் நிலம், கால்நடை, வருமானம், கடன், வேலைக்காக வெளியூர் செல்வோர் ஆகியவை பதிவு செய்யப்படும். தேர்ந்தெடுத்த கிணறுகளில் நீர்மட்டம் மாதந்தோறும் அளக்கப்படும். இவ்வளவுகள் தொடக்கத்தில் எடுக்கப்படாவிட்டால், திட்டத்தால் விளைந்த மாற்றத்தைப் பின்னர் காட்டுவது கடினம்.

ஊராருடன் நடந்து சென்று முகடு முதல் ஓடை வரை பார்வையிடுதல், தரையில் கோலமாவால் ஊர் வரைபடம் வரையச் செய்தல், ஒவ்வொரு வயலுக்கும் உரியவருடன் பேசி அங்கு செய்யவேண்டியதை முடிவுசெய்தல் ஆகியவற்றுக்குப் பின் விரிவான திட்ட அறிக்கை உருவாகின்றது. எந்த நில அளவை எண்ணில் என்ன பணி, என்ன அளவு, என்ன செலவு என்பது இதில் குறிக்கப்படும்.

பணிக் கட்டம்

இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும் இக்கட்டத்தில் பெருமளவு பணம் செலவாகின்றது. 2008 இன் நெறிகள் மொத்தத் தொகையைப் பின்வருமாறு பகிர்ந்தன:

- நிருவாகம்: 10 விழுக்காடு
- கண்காணிப்பு: 1 விழுக்காடு
- மதிப்பீடு: 1 விழுக்காடு
- நுழைவுப் பணிகள்: 4 விழுக்காடு
- அமைப்பாக்கமும் பயிற்சியும்: 5 விழுக்காடு
- விரிவான திட்ட அறிக்கை: 1 விழுக்காடு
- நீர்வடிப்பகுதிப் பணிகள்: 50 விழுக்காடு
- நிலமற்றோருக்கான வாழ்வாதாரம்: 10 விழுக்காடு
- உற்பத்தி முறைகளும் குறுந்தொழில்களும்: 13 விழுக்காடு
- நிலைப்படுத்தல்: 5 விழுக்காடு

எடுத்துக்காட்டாக, 5,000 எக்டேர் கொண்ட சமவெளித் திட்டத்துக்கு எக்டேருக்கு 12,000 ரூபாய் வீதம் 6 கோடி ரூபாய் கிடைத்திருக்கும். அதில் மண், நீர்ப் பணிகளுக்கு உரியது 3 கோடி. அதாவது எக்டேருக்கு 6,000 ரூபாய் மட்டுமே. ஆகவே எல்லா இடத்திலும் எல்லாம் செய்ய இயலாது. முன்னுரிமை வகுத்தாக வேண்டும். விலை குறைந்த மண்வேலைகள் மேற்பகுதியில் பரவலாகவும், விலை மிகுந்த கற்கட்டுமானங்கள் தேவையான இடத்தில் மட்டும் அமைவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

தனியார் நிலத்தில் செய்யும் பணிகளுக்கு உரியவர் செலவில் குறைந்தது 10 விழுக்காட்டைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என அதே நெறிகள் கூறின. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு, குறு உழவர் ஆகியோருக்கு இது 5 விழுக்காடு. இத்தொகை ஊரின் பராமரிப்பு நிதியில் சேரும். கூலியில் பிடித்துக்கொண்டு இதைப் பங்களிப்பு எனக் கணக்கெழுதுவது எளிது. ஆனால் அப்போது பங்களிப்பு என்பது நிலவுடைமையாளரிடமிருந்து வராமல், மண் வெட்டிய கூலித் தொழிலாளரிடமிருந்து வந்ததாகிவிடும். யாருடைய பங்களிப்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தனித்தனியே எழுதி, கிராமசபையில் படிப்பது இதைத் தடுக்கும் வழியாகும்.

நிலைப்படுத்தும் கட்டம்

இறுதி ஓரிரு ஆண்டுகளில் அமைப்புகள் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. பராமரிப்பு நிதியின் வங்கிக் கணக்கை யார் இயக்குவது, உடைந்த கரையை எத்தனை நாளில் சரிசெய்வது, புல் அறுக்கும் உரிமையை எவ்வாறு பகிர்வது ஆகியன எழுத்தில் வகுக்கப்படுகின்றன. மொத்தத் தொகையில் இக்கட்டத்தின் பங்கு சிறிதே எனினும், திட்டத்தின் ஆயுள் இங்கேயே முடிவாகின்றது.

முகட்டிலிருந்து பள்ளத்தாக்குக்கு

பணிகளை மேட்டிலிருந்து தொடங்கிப் பள்ளத்தை நோக்கிச் செய்வது இத்துறையின் அடிப்படை விதி. முகட்டில் தாவரப் போர்வையும் சம உயர அகழிகளும், நடுச்சரிவில் வரப்புகளும் ஓடைகளில் கல் தடுப்புகளும், அடியில் கசிவுநீர்க் குட்டைகளும் தடுப்பணைகளும் அமைக்கப்படுகின்றன. வரிசையை மாற்றிக் கீழே உள்ள தடுப்பணையை முதலில் கட்டினால், மேலிருந்து வரும் மண் ஒரு சில மழைக்காலங்களிலேயே அதை நிரப்பிவிடக்கூடும்.

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஓர் எக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 10 கன மீட்டர் ஆகும். 60 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட அகழி ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.18 கன மீட்டர் நீரைப் பிடிக்கும். எக்டேருக்கு 300 மீட்டர் அகழி வெட்டினால் 54 கன மீட்டர், அதாவது 5.4 மில்லிமீட்டர் வழிநீர் அங்கேயே நிற்கும். இது சிறிதாகத் தோன்றினும், ஒவ்வொரு மழைக்கும் அகழி நிரம்பி வடிவதால் ஒரு பருவத்தில் இதன் பலமடங்கு நீர் மண்ணில் இறங்குகின்றது.

அகழி சம உயரக் கோட்டில் அமையாவிட்டால் நீர் தாழ்ந்த முனைக்கு ஓடி, அங்கு கரையை உடைத்துப் புதிய ஓடையை உண்டாக்கும். சம உயரக் கோட்டைக் கண்டறிய, மூன்று கம்புகளை ஆங்கில ஏ எழுத்தின் வடிவில் கட்டி, நடுவே கல் கட்டிய நூலைத் தொங்கவிட்ட எளிய மட்டக் கருவியே போதும். இதை ஊரார் ஒரே நாளில் கற்றுக்கொள்ள இயலும்.

பயன் பகிர்வுச் சிக்கல்

மேட்டு நிலம் பெரும்பாலும் புறம்போக்காகவோ காட்டு நிலமாகவோ இருக்கும். அங்கு ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோரும் நிலமற்றோர் அல்லது சிறு உழவர். பள்ளத்தில் உள்ள வளமான வயல்களும் கிணறுகளும் பெரும்பாலும் வசதி படைத்தோருடையவை. மேட்டில் மேய்ச்சலைத் தடுத்தால் இழப்பு முன்னவர்களுக்கு. கிணற்றில் நீர் உயர்ந்தால் பயன் பின்னவர்களுக்கு. இழப்பு முதல் ஆண்டிலேயே வருகின்றது. பயன் சில ஆண்டுகள் கழித்தே வருகின்றது.

பொறியியல் முறையில் சரியான திட்டமும் இக்காரணத்தால் அநீதியான திட்டமாக முடியலாம். இழப்பவர்கள் இரவில் ஆடுகளை விட்டால் நட்ட செடிகள் அழியும். அதைக் காவலர்களைக் கொண்டு தடுக்க இயலாது. எனவே மேட்டை மூடுவதற்கு முன், அங்கு வாழ்வு தேடியவர்களுக்கு அந்த இடைக்காலத்தில் என்ன கிடைக்கும் என்பதற்கு மேலாளர் விடை கண்டிருக்க வேண்டும். கூலி வேலையில் முன்னுரிமை, புல்லை அறுத்துச் செல்லும் உரிமை, மேட்டைப் பகுதி பகுதியாக மட்டும் மூடுதல், நிலமற்ற குடும்பங்களுக்கும் நீரில் பங்கு ஆகியவை நடைமுறையில் உள்ள வழிகள்.

பெண்களின் நிலையும் இதில் அடங்கும். விறகும் தண்ணீரும் சேகரிப்பவர்கள் பெண்களாக இருக்க, மேட்டை மூடும் முடிவை ஆண்கள் மட்டும் கூடி எடுத்தால், கூடுதல் தொலைவு நடக்கும் சுமை பெண்கள் மீது விழும். பெண்களின் கூட்டத்தைத் தனியாகவும், அவர்களுக்கு ஒழிவுள்ள நேரத்திலும் நடத்துவது இதனால் வழக்கமாயிற்று.

எடுத்துக்காட்டுகள்

சுகோமாஜ்ரி

அரியானா மாநிலத்தின் சிவாலிக் குன்றுகளின் அடியில் உள்ள சிற்றூர் சுகோமாஜ்ரி. சண்டிகரில் 1958 இல் உருவாக்கப்பட்ட சுக்னா ஏரி விரைவாக வண்டலால் தூர்ந்து வந்தது. அவ்வண்டலின் ஒரு பகுதி இவ்வூரை ஒட்டிய, மேய்ச்சலால் மொட்டையான குன்றுகளிலிருந்து வருவதை மண் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தினர் கண்டறிந்தனர். அந்நிலையத்தின் பி. ஆர். மிசுரா தலைமையில் 1970களின் பிற்பகுதியில் அங்கு சிறு மண் அணைகள் கட்டப்பட்டன.

தொடக்கத்தில் அணைநீர் சிலருடைய வயல்களுக்கே சென்றது. பயன்பெறாதோர் குன்றில் ஆடு மேய்ப்பதை நிறுத்த எக்காரணமும் இல்லை. பின்னர் நிலமற்றோர் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்றும், தேவைப்படாதோர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம் என்றும் ஊரார் முடிவு செய்தனர். இதன்பின் வேலியும் காவலும் இன்றியே குன்று காக்கப்பட்டது. இம்முறை சமூக வேலி எனப் பெயர் பெற்றது. குன்றில் மீண்டும் வளர்ந்த புல்லும் ஊருக்கு வருவாயாயிற்று.

இந்திய-ஜெர்மன் நீர்வடிப்பகுதித் திட்டம்

இத்திட்டம் சுவிட்சர்லாந்தில் பிறந்த எர்மான் பாக்கர் என்னும் இயேசு சபைத் துறவியின் முயற்சியால், நபார்டு வங்கியின் பங்கேற்புடன், 1990களின் தொடக்கத்தில் மகாராட்டிரத்தில் தொடங்கியது. பயிற்சிக்கும் அமைப்பாக்கத்துக்கும் உதவ 1993 இல் வாட்டர் என்னும் தொண்டு நிறுவனம் நிறுவப்பட்டது. ஊரார் முதலில் தம் உழைப்பை நன்கொடையாகத் தந்து, மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் கட்டுப்படுத்த ஒப்புக்கொண்டு, ஒரு சிறு பகுதியில் பணிகளைச் செய்து காட்ட வேண்டும். அதன் பின்னரே முழுத் திட்டத்துக்கான நிதி வரும். இம்முறையில் மேலாளருக்கு இல்லை என்று கூறும் வாய்ப்பும் இருந்தது.

இவ்ரே பசார்

மகாராட்டிரத்தில் அகமதுநகர் என 2024 வரை வழங்கிய மாவட்டத்தில் உள்ள வறட்சிமிக்க ஊர் இது. 1990ஐ ஒட்டி ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவாரின் தலைமையில் அரசுத் திட்ட நிதிகளைக் கொண்டு நீர்வடிப்பகுதிப் பணிகள் செய்யப்பட்டன. நீர் உயர்ந்தவுடன் அதைச் செலவிடும் போட்டி தொடங்காமல் இருக்க, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதையும், மிகுந்த நீர் தேவைப்படும் கரும்பு, வாழை ஆகியவற்றைப் பயிரிடுவதையும் கிராமசபை தடை செய்தது. ஒவ்வோர் ஆண்டும் மழையளவையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் கொண்டு நீர் வரவு செலவுக் கணக்கு வகுக்கப்படுகின்றது. குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக மீதமுள்ள நீருக்கு ஏற்பவே பயிர் முடிவாகின்றது.

மதிப்பீடும் விமர்சனங்களும்

கட்டிய அமைப்புகளின் எண்ணிக்கையையும் செலவழித்த தொகையையும் வெற்றியாகக் காட்டும் போக்கு பரவலாக விமர்சிக்கப்படுகின்றது. இவை நடந்த வேலையின் அளவுகளே அன்றி விளைவின் அளவுகள் அல்ல. மழை மிகுந்த ஆண்டில் திட்டம் இல்லாத ஊரிலும் கிணறுகள் நிரம்பும். ஆகையால் நீர்மட்ட உயர்வை அதே மழை பெற்ற, திட்டம் நடைபெறாத அண்டை ஊருடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நிலத்தடி நீர் உயர்ந்தபின் புதிய ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, சேமித்ததைவிடக் கூடுதலாக எடுக்கப்படுவது மற்றொரு சிக்கல். தக்காணத்தின் கடினப் பாறைப் பகுதிகளில் நீர்தாங்கும் அடுக்குகளின் கொள்ளளவு குறைவாதலால் இது விரைவில் நேர்கின்றது. மேலும், மேற்பகுதியில் பிடித்த நீர் கீழ்ப்பகுதிக் குளங்களுக்கும் ஏரிகளுக்கும் செல்லாமல் போகலாம். ஓர் ஊரின் வெற்றி கீழூரின் இழப்பாக மாறாமல் இருக்க, முழு ஓடையின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இயந்திரங்களைப் பயன்படுத்துவது குறித்தும் கருத்து வேறுபாடு உள்ளது. மண் தோண்டும் இயந்திரம் பணியை விரைவுபடுத்தும். ஆனால் கூலி ஊரில் தங்காது. முகட்டை விட்டு ஓடைப்படுகையை மட்டும் ஆழப்படுத்தும் போக்கும் ஏற்படும்.

தேவைப்படும் திறன்கள்

வேளாண்மைப் பொறியியல், குடிசார் பொறியியல், வேளாண்மை, சமூகப்பணி ஆகிய துறைகளில் பயின்றோர் இப்பணிக்கு வருகின்றனர். எத்துறையிலிருந்து வந்தாலும் பின்வருவன தேவைப்படுகின்றன:

- சம உயர வரைபடத்தையும் நில அளவை ஆவணங்களையும் படித்தல்
- வழிநீர், அகழிக் கொள்ளளவு, மதகளவு ஆகியவற்றைக் கணக்கிடுதல்
- அளவுப் புத்தகம், கூலிப் பட்டியல், வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சரிபார்த்து ஊரார் அறியுமாறு வெளியிடுதல்
- பருவத்தை ஒட்டித் திட்டமிடுதல்: மண்வேலை அறுவடைக்குப் பிந்திய வறண்ட மாதங்களிலும், நடவு மழைத் தொடக்கத்திலும் நடைபெற வேண்டும். அரசின் நிதியாண்டு மார்ச்சில் முடிவதும் பணம் காலம் தாழ்ந்து வருவதும் இதனுடன் மோதுவதுண்டு
- உள்ளூர் மொழியில் பேசுவதைவிடக் கூடுதலாகக் கேட்டல்

மற்றத் துறைகளில் திட்ட மேலாளரின் வெற்றி, திட்டம் முடியும் நாளில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இங்கு அது அவர் ஊரைவிட்டுச் சென்றபின் வரும் முதல் கடும் வறட்சியில்தான் தெரியும். அப்போது பயனாளர் குழு கூடுகின்றதா, கரைகள் பராமரிக்கப்பட்டுள்ளனவா, குடிநீருக்கு ஒதுக்கிய நீர் வயலுக்குப் போகாமல் காக்கப்படுகின்றதா என்பவையே அவர் செய்த பணியின் அளவுகோல்கள் ஆகும்.

இவற்றையும் பார்க்க

- மழைநீர் சேகரிப்பு
- மண்ணரிப்பு
- தடுப்பணை
- மானாவாரி வேளாண்மை
- கிராமசபை
- நிலத்தடி நீர்